எழுதப் படிக்கத் தெரியாதவர் போல நடித்துப் பிழைத்த கவிஞர்

அகதிக் கவிஞர் என்றதும் மனதில் ஒரு வரிசை ஓடும். முதலில் ஊர், அப்புறம் போர், பிறகு முகாம், கடைசியில் அமெரிக்காவோ கனடாவோ. அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரை நினைத்து எழுதுவது. ஊ சாம் எர் இந்த வரிசைக்குள் வர மாட்டார். அமெரிக்காவில் படித்து, 1968-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற எழுத்தாளர் பட்டறையில் கவிதைக்கு முதுகலைப் பட்டமும் வாங்கிக்கொண்டு, தன் விருப்பத்தோடு கம்போடியாவுக்குத் திரும்பிப் போனவர் அவர். அவருடைய நாட்டைச் சிதைத்த போர் அதற்கு அப்புறம்தான் வந்தது. மறுபடி அவர் அயோவாவில் கால் வைத்தது 1992-ல். நடுவில் இருந்த 24 ஆண்டுகளில் பெரும்பகுதி, தான் எழுதுகிறவன் என்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டதிலேயே போயிற்று.

கெமர் என்பது கம்போடியாவின் பெரும்பான்மை மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் பெயர். கெமர்-அமெரிக்கக் கவிதைகளுக்குள் நான் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்தேன். முதலில் படித்தது இளையவர்களை. அகதி முகாமில் பிறந்தவர்கள், கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்கள். இவர்கள் எல்லாரிடமும் ஒரு புகார் திரும்பத் திரும்ப வருகிறது: வீட்டுப் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சு ஒரு இடத்தில் நின்றுவிடும், அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். அப்படியானால் அந்தப் பெரியவர்களில் வாய் திறந்த ஒருவர்கூடவா இல்லை என்று தேடியபோதுதான் சாம் எர் கிடைத்தார். அவர் வெறுமனே வாய் திறக்கவில்லை, பாடினார். கெமர் மரபில் கவிதையை ஓதும் அதே பழைய இராகங்களில்.

1936-ல் ஸ்வாய் ரியெங் மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கம்போடியாவின் தென்கிழக்கில், வரைபடத்தில் வியட்நாமுக்குள் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது. அந்த நீட்சிக்கு அமெரிக்க ராணுவத்தார் வைத்த பெயர் 'கிளி மூக்கு'. 1970-ல் அமெரிக்கப் படைகளும் தென் வியட்நாம் படைகளும் கம்போடியாவுக்குள் நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நாடு அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. விடுதலை கிடைத்தது 1953-ல். புது நாட்டுக்குத் தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டும். உதவித்தொகையில் அமெரிக்கா போன இளைஞர்களில் சாம் எரும் ஒருவர். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் படித்தது கவிதை இல்லை, தொழிற்கலை. பட்டறையும் இயந்திரமுமான படிப்பு. அங்கிருந்துதான் அயோவாவுக்குப் போகிறார். சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறு நகரத்தில் அவருக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கென் மெக்கல்லோ, உடன் படித்த கவிஞர், பிற்பாடு அவருடைய மொழிபெயர்ப்பாளர். இன்னொருவர் இறந்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது: அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன்.

ஊர் திரும்பியவர் உணவுப் பொருட்களை டின்னில் அடைக்கும் ஆலை ஒன்றை நடத்தினார். 1970 மார்ச்சில், நாட்டை ஆண்டுவந்த இளவரசர் சிகானூக்கை இறக்கிவிட்டுத் தளபதி லோன் நோல் ஆட்சியைப் பிடித்தார், கம்போடியா குடியரசு ஆனது. முடியாட்சி போய் ஜனநாயகம் வருகிறது என்று நம்பிய படித்தவர்கள் கூட்டத்தில் சாம் எர் இருந்தார். ராணுவத்தில் கேப்டன். 1972-ல் நாடாளுமன்ற உறுப்பினர். அந்தக் குடியரசு ஊழலிலும் உள்நாட்டுப் போரிலும் அமெரிக்கக் குண்டுகளின் நிழலிலும் அழுகிக்கொண்டிருந்ததை அவர் உள்ளிருந்தே பார்த்திருக்கிறார். 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி, தீவிரக் கம்யூனிஸ்டுகளான கெமர் ரூஜின் படை தலைநகர் நோம் பென்னுக்குள் வந்தது. அகதிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய இருபது லட்சம் பேர் இருந்த நகரம் சில நாட்களில் காலி. ஆஸ்பத்திரிப் படுக்கைகளைக்கூடத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

பழைய அரசின் அதிகாரிகளும் ராணுவத்தாரும் படித்தவர்களும் புதிய ஆட்சிக்கு எதிரிகள். சாம் எர் இந்த மூன்று பட்டியலிலும் இருந்தார். ஒன்றே போதும் கொல்ல. ஆகவே எழுதியதை எல்லாம் அழித்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஆள் போல நடித்தார். மனைவியோடும் மகனோடும் ஆறு முகாம்களில் வாழ்ந்து அந்த 3 ஆண்டு 8 மாதம் 20 நாளைத் தாண்டினார். கெமர் மக்கள் அந்தக் காலத்தை இப்படித்தான் நாள் கணக்கு வரைக்கும் சொல்வார்கள். ஏறத்தாழ 17 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அன்றைய மக்கள்தொகையில் கால்வாசியை நெருங்கும் எண்ணிக்கை அது.

விட்மனைக் கரைத்துக் குடித்த ஒருவர், ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத முகத்தோடு நிற்க வேண்டும். கண் தன்னையறியாமல் இடமிருந்து வலமாக ஓடினால் போயிற்று. இந்த நடிப்பை வெறும் தந்திரம் என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் கெமர் கிராமங்களில் இதற்கு முன்னாலேயே ஒரு சொல் வழக்கு இருந்தது. 'புத் தும்னியாய்' என்று சொல்லப்படும் புத்தர் பேரிலான ஆரூடங்கள். வீடுகள் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். சாலைகள் இருக்கும், நடப்பவர் இருக்க மாட்டார்கள். கல்லாதவர் கற்றவரை ஆள்வார்கள். இரத்தம் யானையின் வயிறு வரை ஏறும். செவிடும் ஊமையுமாக இருப்பவர்களே பிழைப்பார்கள். இவை பல தலைமுறையாகப் பாட்டிமார் வாயில் புழங்கியவை. 1975-ல் ஆளில்லாத நகரத்தைப் பார்த்த மக்கள், சொன்னது நடந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். சாம் எரின் கவிதைகளிலும் இந்த ஆரூடங்கள் நுழைகின்றன. அவற்றை அவர் அலங்காரத்துக்கு வைக்கவில்லை, நம்பி எழுதுகிறார். அயோவாவில் பட்டம் வாங்கியதால் அந்த நம்பிக்கை கழன்றுவிடவில்லை. இதுதான் முதலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

சரி, அந்தக் கவிதைக்கு வருகிறேன். எல்லாத் தொகுப்புகளிலும் எடுத்துப் போடுவது அதைத்தான்.

1976. நிலா நிறைந்த ஒரு குளிர் இரவில் மனைவிக்கு வலி எடுக்கிறது. இரட்டைப் பெண் குழந்தைகள் பிறக்கின்றன. மருத்துவச்சி என்று வந்த கெமர் ரூஜ் பெண்கள் அந்த இரண்டையும் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார்கள். தகப்பன் உடல்களைக் கையில் எடுத்துக்கொண்டு மேகாங் ஆற்றங்கரைக்குப் போகிறான், புதைக்க. இவ்வளவும் நடந்தது, நடந்தபடி சொல்லப்படுகிறது. உவமை அதிகம் இல்லை. இரக்கத்தைக் கேட்டு வாங்கும் வரி ஒன்றுகூட இல்லை.

கரையில் நின்று அவன் பேசுவதுதான் கவிதை. உங்களை இங்கே விட்டுப் போகிறேன், மன்னியுங்கள் என்கிறான். அதோடு நிற்கவில்லை. உங்கள் உயிர்கள் எங்களுக்கு வழி காட்டட்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும், இந்தக் காட்டைக் கடக்க எங்களுக்கு வெளிச்சம் பிடியுங்கள், மும்மணியை நோக்கி எங்களை நடத்துங்கள் என்று வேண்டிக்கொள்கிறான். மும்மணி என்றால் புத்தமும் தருமமும் சங்கமும். மணிமேகலை கடைசிக் காதையில் 'முத்திற மணியை மும்மையின் வணங்கி'ச் சரண் புகுவது நமக்குத் தெரியும். அதே மூன்று.

கெமர் பௌத்தத்தில் இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. இருப்பவர்கள் தானம் செய்து, பிக்குகளுக்குச் சோறிட்டு, அந்தப் புண்ணியத்தை இறந்தவர்களுக்கு மாற்றி விடுவார்கள். வருடத்தில் பதினைந்து நாள், பச்சும் பென் என்ற திருவிழா முழுக்க இதற்காகத்தான். பெரும்பாலும் நம் மகாளய பட்சம் வரும் அதே தேய்பிறை நாட்கள். விடியுமுன் கோயிலைச் சுற்றி வந்து சோற்று உருண்டைகளை இருட்டுக்குள் எறிவார்கள், ஏழு தலைமுறை முன்னோர்களில் பசித்து அலைபவர்களுக்காக. அதாவது வழி காட்ட வேண்டியது உயிரோடு இருப்பவர். ஆற்றங்கரையில் நிற்கும் இந்தத் தகப்பனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. சோறு இல்லை, பிக்கு இல்லை, கோயில் இல்லை. நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருந்த பிக்குகள் காவி களைய வைக்கப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். விகாரைகள் தானியக் கிடங்காகவும் சிறையாகவும் ஆயின. புண்ணியம் சேர்க்கும் வழி அத்தனையும் அடைபட்ட இடத்தில், சடங்கைத் தலைகீழாக்கி, பிறந்த அன்றே செத்த குழந்தைகளிடம் போய் வழி கேட்கிறான். பௌத்தக் கவிதை என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன். இதில் தியானமும் இல்லை, அமைதியும் இல்லை.

மேற்கில் பௌத்தம் என்ற பெயரில் அதிகம் விற்பது மூச்சைக் கவனிப்பதும் மனதை அடக்குவதும்தான். கவிதையிலும் அப்படித்தான்: ஒரு குளம், ஒரு தவளை, ஒரு மௌனம். அந்த எதிர்பார்ப்போடு சாம் எரைத் திறப்பவர்கள் திகைத்துப்போவார்கள். இவருடைய பௌத்தம் கிராமத்துக் கோயில் பௌத்தம். புத்தருக்குப் பக்கத்திலேயே நெயாக் தா என்ற ஊர்க்காவல் தெய்வம் உட்கார்ந்திருக்கும். இந்திரன் வருவான், நாகம் வரும். நேர்ச்சை வைப்பது, ஆணையிடுவது, சாபமிடுவது எல்லாம் உண்டு. 1998-ல் மினியாபொலிஸின் காஃபி ஹவுஸ் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயரே 'புனித சபதங்கள்' என்று பொருள்படும். சபதம் எடுப்பவருக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும்.

இந்த இடத்தில் இன்னொரு கெமர் மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மகா கோசானந்தர். பீகாரில் நாளந்தாவில் படித்த பிக்கு. கெமர் ரூஜ் காலத்தில் தாய்லாந்தின் வனவிகாரை ஒன்றில் இருந்ததால் தப்பியவர். குடும்பம் மொத்தத்தையும் கம்போடியாவில் இழந்தவர். எல்லையைத் தாண்டி அகதிகள் வரத் தொடங்கியதும் முகாமுக்குப் போய் மூங்கில் கோயில் கட்டி அவர் ஓதிக் காட்டியது தம்மபதத்தின் ஒரு பாட்டு: 'ந ஹி வேரேன வேரானி...' பகை பகையால் தணியாது, பகையின்மையால்தான் தணியும், இதுவே என்றும் உள்ள அறம். பல வருடமாக அந்தச் சொற்களைக் காதில் கேட்காத கூட்டம் அழுதது என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அமெரிக்காவில் ராட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் தங்கி, ஊர் ஊராகக் கெமர் கோயில்கள் எழும்ப உழைத்தார். 1992-ல் கம்போடியாவுக்குள் தம்ம யாத்திரை என்று அமைதி நடைப்பயணம் தொடங்கினார். 2007-ல் மாசசூசெட்ஸில் காலமானார்.

கோசானந்தர் மன்னித்தார். சாம் எர் அந்தக் கவிதைகளில் மன்னித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார், நீதி கேட்கிறார், நாடு மீளும் என்று ஆரூடத்தின் பேரில் ஆணையிடுகிறார். இருவரும் ஒரே மும்மணியைத்தான் சரணடைகிறார்கள். ஒருவரைப் பௌத்தர் என்றும் மற்றவரைப் பழைய அரசியல்வாதி என்றும் பிரித்து வைப்பது சுலபம், ஆனால் சரியில்லை. இழந்ததைச் சொல்லி அழுவதற்கும் கெமர் பௌத்தத்தில் இடம் உண்டு. சுமோட் என்று ஒரு ஓதுமுறை இருக்கிறது. மரணப் படுக்கையிலும் சாவு வீட்டிலும் பாடுவது. ஒரு அசையை எடுத்து நீட்டி, நெளித்து, மூச்சு முட்டும் இடம் வரை கொண்டு போவார்கள். நிலையாமையைச் சொல்லும் பாடல்கள்தான், ஆனால் கேட்டால் நிலைகுலைந்து போவோம். சாம் எர் தன் கவிதைகளை ஓதுவது இந்த உலகத்தைச் சேர்ந்தது.

பொதுவாகவே கெமர் கவிதை கண்ணால் படிப்பதற்கு ஆனதல்ல. ஒவ்வொரு யாப்புக்கும் பழகிய மெட்டுகள் உண்டு. காகநடை என்று பொருள்படும் ஒரு யாப்பில் நாலு அசையில் ஒரு அடி, ஏழு அடியில் ஒரு பா. ஒரு பாவின் கடைசிச் சொல் அடுத்த பாவுக்குள் போய் எதுகை கோக்கும். அந்தாதி பழகிய காதுக்கு இந்தச் சங்கிலி உடனே பிடிபடும். தேவாரத்தை வெறும் உரையாக வாசித்துவிட்டுப் போவதும் பண்ணோடு ஓதுவார் பாடிக் கேட்பதும் ஒன்றா? அதே வித்தியாசம்தான் அச்சில் இருக்கும் சாம் எருக்கும் மேடையில் இருக்கும் சாம் எருக்கும். அமெரிக்க அரங்குகளில் அவர் கெமரில் ஓதுவார், மெக்கல்லோ ஆங்கிலத்தில் வாசிப்பார். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியாமல் கேட்ட அந்த ஓதல்தான் மூலம், புரிந்த ஆங்கிலம் அதன் நிழல் என்று அவர்களுக்கு எவ்வளவு தூரம் உறைத்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

தொகுப்பு இருமொழிப் பதிப்பு. கெமர் பக்கத்தைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு ஒரு சின்ன சிலிர்ப்பு வரலாம். பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. காஞ்சிபுரத்தில் கல்லில் வெட்டிய வடிவங்கள் கடல் கடந்து போய், வளைவும் கொண்டையும் சேர்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு 'அவர்களும் நம்மவர்களே' என்று கிளம்பிவிட வேண்டாம். இணையத்தில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

கெமர் ரூஜ் விழுந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1979 ஜனவரியில் வியட்நாம் படை நோம் பென்னைப் பிடித்தது. அந்த வருடம் செப்டம்பரில் உனாலோம் விகாரையில் ஏழு பேருக்கு மறுபடி துறவு கொடுத்துச் சங்கத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்தான் பிக்கு ஆகலாம் என்று அரசு கட்டுப்பாடு வைத்தது. இளைஞர்கள் வயலுக்கும் படைக்கும் வேண்டும் அல்லவா. சாம் எர் தொழில் அமைச்சகத்தில் வேலை பார்த்தார். மறுபடியும் எழுதினார், யாருக்கும் காட்டாமல். 1991-ல் அவருடைய மேசையில் இருந்து ஒரு கவிதை அகப்பட்டது. ஜனநாயகத்துக்கு ஏங்கும் கவிதை. வேலை போயிற்று. கெமர் ரூஜிடம் எழுத்தை மறைத்துத் தப்பியவர் அடுத்த ஆட்சியில் எழுத்தாலேயே மாட்டிக்கொண்டார். மெக்கல்லோவும் மற்றவர்களும் முயன்றதில் அயோவாவின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு அழைப்பு வந்தது. 1992-ல் கிளம்பினார். வயது 56.

அந்த வயதில் புலம்பெயர்வது என்பது வேறு விஷயம். 'நான் யார்' என்ற கேள்வி சாம் எரின் கவிதைகளில் ஏறக்குறைய இல்லவே இல்லை. தான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது: ஸ்வாய் ரியெங் விவசாயியின் மகன், கெமர், பௌத்தன், விட்மனின் சீடன். அவருடைய கேள்வி, நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பது. இறந்தவர்களுக்கு, ஊருக்கு, அழிந்த கோயில்களுக்கு. அந்தக் கடனை அடைக்கும் வேலையாகத்தான் கவிதை எழுதினார் என்று நான் வாசித்துக்கொள்கிறேன்.

மினியாபொலிஸில் ஒரு ஆலையில், யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பொருளைக் கையாளும் பிரிவில் வேலை செய்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், ஆலை நடத்தியவர். அதைப் பற்றியும் ஒரு கவிதை உண்டு. தலைப்பிலேயே நிறுவனம், பிரிவு, நகரம், மாநிலம், 'என் மனைவி வந்து சேருமுன்' என்ற காலக்குறிப்பு எல்லாம் இருக்கும், ஒரு விண்ணப்பப் படிவம் போல. தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த தலைப்பு அது. கீழை நாட்டுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை அமெரிக்காவில் எந்தக் கட்டங்களுக்குள் அடங்கிப் போகும் என்று அந்த ஒரு தலைப்பே சொல்லிவிடுகிறது. பிறகு அவர் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தார். 2005-ல் மெக்கல்லோவுடன் சேர்ந்து நினைவுக்குறிப்பு வெளியிட்டார். 'மூன்று வனாந்தரங்களைக் கடந்து' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கொலை, பட்டினி, நோய், இவைதான் அந்த மூன்று. ஆற்றங்கரையில் குழந்தைகளிடம் வெளிச்சம் கேட்டது இந்தக் காட்டைக் கடக்கத்தான்.

விட்மனின் 'புல்லின் இதழ்களை'க் கெமருக்குக் கொண்டுவரும் வேலையிலும் இறங்கினார். இது எனக்கு வியப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருக்கிறது. வியப்பு, ஏனென்றால் விட்மனின் நீண்ட மூச்சு வரிகள் கெமரின் ஓதல் மரபோடு ஒட்டிப்போகக் கூடியவை. இரண்டுமே பட்டியல் போடும், இரண்டுமே ஊரைக் கூட்டி வைத்துச் சத்தமாகச் சொல்லும். உறுத்தல், ஏனென்றால் சாம் எருக்கு அமெரிக்கா கடைசி வரை விட்மனின் அமெரிக்காவாகவே இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 15 வரை கம்போடியக் கிராமங்களின் மேல் பி-52 விமானங்கள் கொட்டிய குண்டுகளும் அமெரிக்காதான். கிளி மூக்கு வழியாகப் படை நுழைந்தது அவருடைய சொந்த மாகாணத்துக்குள். அந்தக் குண்டுவீச்சு கிராமத்து இளைஞர்களைக் கெமர் ரூஜ் பக்கம் எவ்வளவு தள்ளியது என்பது இன்றும் வரலாற்றாசிரியர்கள் சண்டை போடும் விஷயம். அந்தக் கேள்வியின் கனம் அவருடைய கவிதைகளில் எனக்குப் போதுமான அளவு தெரியவில்லை. சுதந்திரம், ஜனநாயகம் என்று நேரடியாக முழங்கும் கவிதைகள்தான் தொகுப்பிலேயே பலவீனமானவை என்றும் நினைக்கிறேன். அவற்றை மேடையில் ஓதிக் கேட்டால் வேறாக இருக்கலாம். அச்சில் சுவரொட்டி வாசகங்களாக நிற்கின்றன. ஆனால், நாலு வருடம் ஊமையாக நடித்து, பன்னிரண்டு வருடம் மேசைக்குள் ஒளித்து எழுதியவர் ஒரு நாள் முழங்கத் தொடங்கினால், குரலைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்ல நான் யார்?

இனி அந்த இளையவர்கள். அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்ட கெமர் அகதிகள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். கலிபோர்னியாவின் லாங் பீச்சிலும் மாசசூசெட்ஸின் லோவெல்லிலும் பெரிய குடியிருப்புகள். மினசோட்டாவில் ஹாம்ப்டன் என்ற சிற்றூருக்கு வெளியே வயல்வெளியில் முனிசோதாராம் என்ற விகாரை எழும்பி 2007-ல் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய கெமர் கோயில் அதுதான் என்கிறார்கள். இந்தக் கோயில்களின் வாகன நிறுத்தத்தில் பந்து விளையாடிக்கொண்டே வளர்ந்த தலைமுறைக்குப் பௌத்தம் என்றால் பாட்டி ஏற்றும் ஊதுபத்தி, புரியாத பாலி மொழி ஓதல், நெடுநேரம் மடக்கிய கால் வலி.

புன்கோங் துவோன் கெமர் ரூஜ் காலத்தில் தாயை இழந்தவர். பாட்டி தூக்கிக்கொண்டு எல்லை தாண்டியதால் பிழைத்து, பாஸ்டன் அருகே மால்டனில் வளர்ந்தார். கல்லூரியைப் பாதியில் விட்டு அலைந்த காலத்தில் லாங் பீச் பொது நூலகத்தில் அமெரிக்கக் கவிஞர் சார்லஸ் புக்கோவ்ஸ்கியின் கவிதை கையில் கிடைத்து எழுத்துக்கு வந்தவர். இப்போது நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரிப் பேராசிரியர். 2015-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயர் 'கஞ்சி'. எது என்று சொல்ல வேண்டியதில்லை, கெமர் ரூஜ் முகாம்களில் ஊற்றியது. வரிகள் சாதாரணப் பேச்சு. சாம் எர் ஓதினார் என்றால் இவர் சமையலறையில் உட்கார்ந்து கதை சொல்கிறார். மோனிகா சோக் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பாட்டி எம் புன் பட்டு நெசவாளி, 1990-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றவர். பேத்தியின் முதல் தொகுப்பு 2020-ல் வந்தது. நேரில் பார்க்காத கொலைகளை எழுதும் உரிமை தனக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதில் விடாமல் ஓடுகிறது.

கோசல் கியெவின் கதை இன்னொரு தினுசு. 1980-ல் தாய்லாந்து அகதி முகாமில் பிறப்பு, ஒரு வயதில் அமெரிக்கா, சாண்டா ஆனாவின் தெருக்கள், பதினாறு வயதில் சிறை, அதற்குள் பதினான்கு வருடம். அங்கேதான் கவிதை. வெளியே விட்டதும் குடியுரிமை இல்லை என்று 2011-ல் கம்போடியாவுக்கு நாடு கடத்தினார்கள், அவர் பிறக்கக்கூட இல்லாத நாட்டுக்கு. அடுத்த வருடமே லண்டன் ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த உலகக் கவிதை விழாவில் கம்போடியாவின் பிரதிநிதியாக மேடை ஏறினார். சாம் எருக்கு 1968-ல் திரும்பிப் போவது ஒரு தேர்வு. கியெவுக்கு அது தண்டனை. கெமர்-அமெரிக்க அடையாளம் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்க நான் தயங்குவேன்.

மூவரும் சாம் எரின் வாரிசுகள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வேறு ஆங்கிலம், வேறு குருமார்கள். ஆனால் பேசாத பெரியவர்கள் என்று இவர்கள் எழுதும்போதெல்லாம், பேசிய ஒருவரும் அதே நாட்டில், அதே காலத்தில் இருந்தார் என்பது எனக்கு நினைவுக்கு வரும். அவர் பேசிய மொழியும் ஓதிய மெட்டும் பேரப்பிள்ளைகளுக்கு எட்டவில்லை. அதற்கு அவரையோ இவர்களையோ குறை சொல்ல முடியாது.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. நேராக இரட்டைக் குழந்தைகள் கவிதைக்குப் போய்விடாதீர்கள். தொகுப்புகள் எல்லாம் அதையே எடுத்துப் போட்டு, சாம் எரை அந்த ஒரு இரவுக்குள் அடைத்து வைத்திருக்கின்றன. முதலில் நோம் பென்னைவிட்டுக் கிளம்பும் கவிதையை எடுங்கள், அரிசி, சட்டி பானை, கோடரி என்று வண்டியில் ஏற்றிய சாமான்களைச் சொல்லிக்கொண்டு போவது. அப்புறம் யூரித்தேன் பிரிவு. நினைவுக்குறிப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓதும் பதிவு எங்காவது அகப்பட்டால் மொழிபெயர்ப்பைத் திறக்காமல் முதலில் அதைக் கேளுங்கள்.